தழும்பும் முகமும்: மார்பகப் புற்றுநோயினின்று மீண்ட பெண்களின் உருவப் படங்கள்

நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் ஆயர், ஆறுதல் கூறுவதற்கென்று சில சொற்களை எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருக்கிறார். அச்சொற்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் அவை யாருக்கு ஆறுதல் தருகின்றன, கேட்பவருக்கா அல்லது சொல்பவருக்கா என்பதை நாம் அடிக்கடி ஆராய்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பொறுப்பேற்றிருந்த சபையில், புற்றுநோயின் காரணமாக ஒரு மார்பகம் முழுவதும் நீக்கப்பெற்ற சகோதரி ஒருவரைச் சந்திக்கச் சென்றோம். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாது வந்துகொண்டிருந்தார். ஆனால் பெண்கள் ஐக்கியத்தினின்று முற்றிலும் விலகியிருந்தார். ஜெபித்து முடித்தபின், "அம்மா, கர்த்தர் உங்களுக்குப் பூரண சுகம் தந்திருக்கிறார், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "ஒன்றும் தெரியாமலிருப்பதற்குத்தான், ஐயா, நான் நாள் முழுவதும் பாடுபடுகிறேன்" என்றார்.

அதற்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை. நாம் நற்செய்தியாகக் கூறியது அவருக்குச் சுமையாக இருந்தது. அந்த ஒரு வாக்கியமே, மேலைநாடுகளில் கடந்த அரை நூற்றாண்டாக எடுக்கப்பட்டுவரும் ஒருவகைப் புகைப்படங்களைக் கருத்தூன்றிக் கற்க நம்மைத் தூண்டியது. மார்பக அறுவைக்குட்பட்ட பெண்கள், தங்கள் தழும்பை மறைக்காமல், தங்கள் முகத்தோடு சேர்த்துக் காட்டும் உருவப் படங்களே அவை. இவற்றைப் பற்றிக் கேள்வியுற்றவுடன் கூச்சமும் ஐயமும் எழுவது இயல்பே. ஆயினும் இப்படங்கள் எச்சூழலில் தோன்றின, அவை எதைச் செய்கின்றன, அவற்றின் குறைபாடு யாது என்பவற்றை அறிவது ஆயர் பணிக்குப் பெரிதும் பயன்படும் என்பது நம் துணிபு.

1. மறைக்கப்பட்ட நோய்

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது என்றும், சுமார் 6,70,000 பேர் இந்நோயால் மாண்டனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இத்துணைப் பரவலான நோயைக் குறித்து நெடுங்காலம் பொதுவில் யாரும் பேசவில்லை என்பது வியப்பிற்குரியது.

இந்த மௌனத்திற்கு மருத்துவ வரலாறும் ஒரு காரணம். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1880களில் தொடங்கி, 1894இல் விரிவாக வெளியிட்ட முறையின்படி, மார்பகத்தோடு அதன் கீழுள்ள மார்புத் தசைகளும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் ஒருங்கே நீக்கப்பட்டன. நோய் ஓரிடத்தில் தோன்றி அடுத்தடுத்த இடங்களுக்கு ஒழுங்காகப் பரவுகிறது என்றும், ஆகவே எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நலம் என்றும் அக்கால மருத்துவர் கருதினர். நெஞ்சுக்கூட்டின் எலும்புகள் தோலின் கீழே தெரியுமளவிற்கு இவ்வறுவை ஆழமானது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதுவே பொதுவழக்காயிருந்தது. அமெரிக்காவில் இன்னொரு வழக்கமும் நிலவியது. கட்டியைச் சோதிப்பதற்காக மயக்கமருந்து பெற்ற பெண், சோதனையில் புற்று என்று தெரிந்தால் அம்மயக்கத்திலேயே மார்பகம் நீக்கப்பெற்று, கண்விழித்த பின்னரே அதனை அறிவார். ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர், 1974இல் தமக்கு இந்நோய் கண்டபின், இவ்வழக்கத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். பெர்னார்ட் ஃபிஷர் என்னும் மருத்துவர் தலைமையில் நடந்த பெரும் ஆய்வின் முடிவுகள் 1985இல் வெளிவந்தன. தொடக்க நிலையிலுள்ள நோய்க்குக் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும், மார்பகம் முழுவதையும் நீக்கினாலும், உயிர் பிழைப்போர் விகிதம் வேறுபடுவதில்லை என்று அவை காட்டின. எனினும் கட்டியின் அளவையும் பரவலையும் பொறுத்து, முழு நீக்கம் தேவைப்படும் பெண்கள் இன்றும் பலர் உளர்.

1974 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்ட் இவ்வறுவைக்குட்பட்டார். அதை ஒளிக்காமல் நாட்டிற்கு அறிவித்தார். அதன் விளைவாக எண்ணற்ற பெண்கள் பரிசோதனைக்குச் சென்றனர். நோயின் பெயர் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற தழும்பு இன்னும் காணப்படவில்லை. ஆட்ரி லோர்ட் என்னும் கறுப்பினக் கவிஞர் 1978இல் ஒரு மார்பகத்தை இழந்தார். செயற்கை மார்பகம் அணியாமல் மருத்துவரைக் காணச் சென்றபோது, அங்கிருந்த செவிலி, அது அம்மருத்துவ அலுவலகத்தின் மனவூக்கத்தைக் குலைக்கும் என்று கடிந்துகொண்டதாக, 1980இல் வெளிவந்த தமது நூலில் அவர் பதிவு செய்துள்ளார். லோர்ட் எழுப்பிய வினா கூர்மையானது. ஒரே துன்பத்திற்குட்பட்ட பெண்கள் அனைவரும் அதனை மறைத்துக்கொண்டால், அவர்கள் ஒருவரையொருவர் எங்ஙனம் அடையாளங் கண்டுகொள்வர்? நம் சபையின் சகோதரி பெண்கள் ஐக்கியத்தை விட்டு விலகியதன் பொருளை இவ்விடத்தில்தான் நாம் உணர்ந்தோம்.

2. நான்கு படங்கள்

முதற்படம் டீனா மெட்ஸ்கருடையது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இவ்வெழுத்தாளர் 1977இல் ஒரு மார்பகத்தை இழந்தார். தழும்பின்மேல் ஒரு மரக்கிளையைப் பச்சை குத்திக்கொண்டார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஹெல்லா ஹாமிட் என்னும் பெண் அவரைப் படமெடுத்தார். மெட்ஸ்கர் இடைக்கு மேல் ஆடையின்றி, திறந்த வானத்தின்கீழ், இரு கைகளையும் அகல விரித்து, முகத்தை உயர்த்தி நிற்கிறார். சுவரொட்டியாக அச்சிடப்பெற்று அப்படம் பலரது கைகளைச் சென்றடைந்தது. கிறிஸ்தவ நோக்கர் எவருக்கும் விரிந்த அக்கைகள் சிலுவையை நினைவூட்டாமற் போகா. ஆனால் இங்கு அக்கைகள் ஆணியறையப்பட்டவை அல்ல, தாமாக விரிந்தவை.

இரண்டாவது, ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படங்கள். இலண்டனில் திருமணப் படங்களும் குடும்பப் படங்களும் எடுத்துப் பிழைத்தவர் இவர். ஆகவே உருவப் படம் எவற்றையெல்லாம் மறைக்கும் என்பதைத் தொழில்வழியே அறிந்தவர். 1982இல் இவர் மருத்துவமனையிலிருந்தபோது, மருத்துவர் ஒருவர் மாணவர்களோடு வந்து, இவருடைய இடது மார்பின்மேல் ஒரு குறுக்குக் குறியிட்டு, அது நீக்கப்படும் என்று கூறினாராம். ஸ்பென்ஸ் அதற்கு இசையவில்லை. கட்டியை மட்டும் நீக்கிக்கொண்டார். அவ்வமயம் எடுத்த படமொன்றில், தம் மார்பின்மேல் தம் பெயரை எழுதி, இது இவருடைய உடைமைதானா என்று கேட்பதுபோல் ஒரு வினாக்குறியையும் இட்டிருந்தார். நோயாளியின் உடல் யாருக்கு உரியது என்பதே அவருடைய வினா.

மூன்றாவது படமே உலகின் கவனத்தை ஈர்த்தது. 1993 ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஞாயிறு மலர் அட்டையில் மட்டுஷ்கா என்னும் கலைஞர் தம்மைத் தாமே எடுத்த படம் வெளிவந்தது. இவர் முன்னாளில் விளம்பரங்களுக்கு மாடலாக நின்றவர். வெண்ணிற உடையின் வலப்புறம் வெட்டப்பட்டு, மார்பகம் இருந்த இடத்தில் தழும்பு மட்டும் தெரிந்தது. இனிக் கண்களைத் திருப்பிக்கொள்ள இயலாது என்னும் பொருள்பட அட்டையில் தலைப்பிட்டிருந்தனர். பாராட்டியும் கண்டித்தும் மடல்கள் குவிந்தன. காலை உணவு மேசைக்கு வரும் நாளிதழில் இது தகுமோ என்று சிலர் கேட்டனர். தம் உடலை ஒத்த ஓர் உடலை முதன்முறையாகக் கண்டோம் என்று வேறு சிலர் நன்றி கூறினர்.

நான்காவது, டேவிட் ஜே எடுத்த 'ஸ்கார்' என்னும் படத்தொகுதி. தழும்பு என்பதே அச்சொல்லின் பொருள். நவநாகரிக உடை விளம்பரங்களுக்குப் படமெடுப்பவரான இவர், 32 வயதான தம் தோழி ஒருவருக்கு நோய் கண்டபோது, அறுவைக்குப்பின் அவரைப் படமெடுத்தார். பின்னர் வேறு பெண்களும் தாமாக முன்வந்தனர். 18 முதல் 35 வயது வரையுள்ளோரின் படங்கள் பேருருவில் அச்சிடப்பெற்று 2010இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, மார்பகம் நீக்கப்பெற்றுக் கருவுற்றிருக்கும் பெண்ணைக் காட்டுகிறது. 2013இல் இத்தகைய படங்கள் ஃபேஸ்புக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு முறையிட்டபின், மார்பக அறுவைத் தழும்பைக் காட்டும் படங்களுக்கு இடமுண்டு என்று அந்நிறுவனம் அறிவித்தது.

3. மருத்துவப் படமும் உருவப் படமும்

தழும்பு புகைப்படத்தில் பதிவாவது புதிதன்று. அறுவைக்கு முன்னும் பின்னும் மருத்துவமனைகளில் படங்கள் எடுக்கப்படுகின்றன. அங்கே உடல் நேராக நிறுத்தப்படுகிறது. ஒளி எப்பக்கமும் சமமாக விழுகிறது. நோயாளி யாரென்று தெரியாதிருக்கும்பொருட்டு முகம் படச்சட்டத்திற்கு வெளியே விடப்படுகிறது. இது அவருடைய மறைவைக் காக்கும் நல்ல ஏற்பாடே. ஆனால் அப்படத்தில் எஞ்சுவது ஓர் உறுப்பின் குறையே. ஓர் ஆள் அல்ல. மறுபுறம், நம் இல்லங்களின் சுவர்களில் தொங்கும் உருவப் படங்களில் முகம் இருக்கும். துன்பத்தின் சுவடு இராது. ஒன்று முகமற்ற தழும்பு. மற்றது தழும்பற்ற முகம். நாம் கூறிய நான்கு படங்களும் இவ்விரண்டையும் ஒரே சட்டத்திற்குள் கொணர்ந்தன. இவற்றின் புதுமை ஆடையின்மையில் இல்லை, இவ்விணைப்பில் இருக்கிறது. பார்ப்பவர் தழும்பைக் கண்டு திடுக்கிடுகிறார். உடனே கண் முகத்திற்குச் செல்கிறது. முகத்தைக் கண்டபின் தழும்பு ஒருவருடைய வரலாற்றின் பகுதியாகிறது.

இதில் தொழில் நுணுக்கமும் உண்டு. எதிரிலிருந்து மென்மையாக விழும் ஒளி தோலின் மேடுபள்ளங்களை மறைக்கும்; பக்கவாட்டிலிருந்து விழும் ஒளி தழும்பின் ஒவ்வொரு மடிப்பையும் எடுத்துக்காட்டும். புகைப்படக் கருவியை மேலிருந்து சாய்த்தால் எதிரிலிருப்பவர் சிறுத்துத் தோன்றுவார். கண்மட்டத்தில் வைத்தால் சமநிலையில் நம்மை நோக்குவார். எதைக் காட்டுவது, எதைத் துணியால் மூடுவது, படத்தை யார் பார்க்கலாம் என்பவற்றை அப்பெண்ணே முடிவு செய்யவேண்டும். இம்முடிவே மற்ற அனைத்திலும் முதன்மையானது. அறுவை மேசையில் அவர் கண்மூடிக் கிடந்தார்; அவருடைய உடலைப் பற்றிய முடிவுகளைப் பிறர் எடுத்தனர். உருவப் படத்தில் அவர் கண்திறந்திருக்கிறார், முடிவு அவருடையது.

ஐரோப்பியத் திருச்சபை மரபோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் இரத்தசாட்சியாக மரித்த அகத்தாவின் மார்பகங்களைக் கொடியோர் அறுத்தனர் என்பது மரபு. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் சுர்பரான், அவரை நல்லுடை உடுத்தியவராய், ஒரு தட்டில் தம் மார்பகங்களை ஏந்தியவராய் வரைந்தார். பக்தியில் பிறந்த ஓவியமே அது. எனினும் தம்மை எவ்வாறு காட்டவேண்டுமென்று அகத்தாவிடம் எவரும் கேட்கவில்லை. ஸ்பென்ஸும் மட்டுஷ்காவும் புகைப்படக் கருவியைத் தாமே கையிலெடுத்தனர்.

4. வலிமை என்னும் சொல்

இத்தகைய படங்கள் வலிமையைக் கொண்டாடுவதாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. இச்சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாளவேண்டும். ஏனெனில் கொண்டாட்டம் எளிதில் கட்டளையாக மாறக்கூடியது. நோயுற்றவர் புன்னகை புரியவேண்டும், போர்வீரராகப் பேசவேண்டும், நோய்க்கு நன்றிகூடக் கூறவேண்டும் என்று சமூகம் எதிர்பார்க்கத் தொடங்குகிறது. தாமே இந்நோய்க்குட்பட்ட அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் 2001இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்தக் கட்டாய மகிழ்ச்சியைக் கடுமையாகச் சாடினார். வெற்றி பெற்றோரை மட்டும் புகழ்ந்தால், மாண்டவர்கள் போதிய அளவு போராடவில்லை என்று சொல்லாமற் சொல்வதாகும் என்பதே அவர் வாதத்தின் உட்பொருள். டேவிட் ஜே படமெடுத்த பெண்களுள் சிலர் பின்னர் அந்நோயினாலேயே மரித்தனர். அவர்களுடைய படங்கள் பொய்யாகிவிட்டனவா? இல்லை. அப்படங்கள் நோய் நீங்கிவிட்டது என்று கூறவில்லை. அந்நாளில் இவர் இவ்வாறு இருந்தார் என்றே கூறின. புற்றுநோய் பல ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் தோன்றக்கூடியதாகையால், மீண்டவர் என்னும் சொல்லையே பல பெண்கள் அச்சத்தோடுதான் ஏற்கின்றனர்.

இன்னொரு குறையையும் மறைக்கலாகாது. மார்பகப் புற்றுநோய் முதுமையை நெருங்கும் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. ஆனால் உலகப் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலும் இளைஞரையும், மாடலாக இருந்தவரையுமே காண்கிறோம். தழும்பைக் காட்டும் துணிவைப் போற்றும்போதும், மற்ற அனைத்திலும் அழகின் பழைய இலக்கணம் மாறவில்லை. மேலும், தழும்பைக் காட்டாத பெண் வலிமையற்றவர் என்று எண்ணுவதும் பெருந்தவறு. மூடிக்கொள்வதும், செயற்கை மார்பகம் அணிவதும், மறுசீரமைப்பு அறுவை செய்துகொள்வதும் அவரவர் உரிமை.

அப்படியாயின் இப்படங்களில் நாம் காணும் வலிமை யாது? வென்றேன் என்னும் முழக்கம் அன்று. நிகழ்ந்ததை நிகழ்ந்ததாகக் காட்டுவதற்கும், அதனைக் காணும் ஒருவர் அகன்றுபோகமாட்டார் என்று நம்புவதற்கும் தேவையான திடமே அது. உயிர்த்த ஆண்டவரைக் குறித்த நற்செய்தி வரலாற்றில், தோமாவின் நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் ஐயத்திற்கு எடுத்துக்காட்டாகவே பிரசங்கித்து வருகிறோம். ஆனால் அதில் இன்னொன்றும் உண்டு. உயிர்த்தெழுந்த உடலிலும் காயங்களின் சுவடு அழிக்கப்படவில்லை. எவரும் அவருடைய ஆடையை விலக்கிப் பார்க்கவில்லை. அவர் தாமே காட்டினார். அதுவும் எல்லோருக்கும் அன்று, தம்மோடிருந்தவர்களுக்கே. பூரண சுகம் என்றால் சுவடே தெரியாதிருப்பது என்று நாம் அச்சகோதரியிடம் கூறியது, நல்ல இறையியலும் அன்று எனப் பின்னர் உணர்ந்தோம்.

5. ஆயர் பணிக்கு இதனால் பயன் யாது?

நம் சபைகளில் இத்தகைய படங்களைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று நாம் கூறவரவில்லை. அவற்றை எடுத்தோர் கற்றுத்தந்த ஒழுக்கத்தை நம் சந்திப்புகளில் கைக்கொள்ளலாம் என்பதே நம் கருத்து.

முதலாவது, முகத்தையும் தழும்பையும் பிரிக்கலாகாது. நோயைப் பற்றியே பேசி ஆளை மறப்பதும், நோயே இல்லாததுபோல் பேசி ஆளைத் தனிமைப்படுத்துவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இரண்டாவது, காட்டுவதும் மறைப்பதும் அவருடைய முடிவாக இருக்கட்டும். அவரைக் கேளாமல் நோயின் பெயரைச் சபை ஜெபத்தில் அறிவிப்பதும், ஸ்தோத்திரக் கூட்டத்தில் சாட்சி கூறும்படி வற்புறுத்துவதும் முறையல்ல. சுகம் பெற்றேன் என்று கூறுவோருக்கு மட்டுமே மேடை அளிக்கும் சபையில், இன்னும் அஞ்சுகிறேன் என்று கூற விரும்புபவர் எங்கே செல்வார்? மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத துன்பங்களை அறிந்திருக்கவேண்டும். அக்குளின் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டவர்களுக்குக் கை வீங்கக்கூடும். பாரமான பாத்திரத்தைத் தூக்க இயலாமற் போகலாம். சபை விருந்தில் வேலைக்கு வராதவரைச் சோம்பலென்று குறைகூறுமுன் இதனை எண்ணவேண்டும். நான்காவது, இத்துன்பத்தை ஏற்கெனவே கடந்துவந்த பெண்ணின் துணை, ஆண் ஆயரின் நூறு சொற்களிலும் மேலானது. இருவரும் இசைந்தால் அவர்களை இணைத்துவைப்பது நம் கடமை. ஐந்தாவது, கட்டியைத் தொடக்கத்திலேயே காட்டிச் சிகிச்சை பெறுவோர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. கூச்சத்தால் காலந்தாழ்த்துவோர் பலர். ஆகவே இந்நோயின் பெயரை நாணமின்றி உச்சரிக்கும் பிரசங்க பீடமும் உயிர்காக்கும் கருவியே.

சில மாதங்கள் கழித்து அச்சகோதரியை மீண்டும் சந்தித்தோம். இம்முறை நம் துணைவியாரும் உடன் வந்தார். முன்னர்க் கூறிய சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டு, "இப்பொழுது எப்படியிருக்கிறதம்மா?" என்று மட்டும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசினார். வலது கையை உயர்த்திக் கூந்தல் முடிக்க இயலாமற் போனதையும், கண்ணாடியைத் துணியிட்டு மூடியிருந்ததையும், ஒருநாள் அத்துணியை அகற்றியதையும் கூறினார். புகைப்படம் எதுவும் எடுக்கப்படவில்லை; எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. அவர் தாமாகக் காட்டியதை இருவர் முகந்திருப்பாமல் கண்டோம். அன்று நாம் செய்த ஜெபம் மிகக் குறுகியது. பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை என்னும் சொற்றொடர் அதில் இடம்பெறவில்லை.